சிறைக்குள்ள நடந்த கவுன்சில் கூட்டம்: பாப்லர், 1921

சொத்து வரின்னு சொன்னாலே தூக்கம் வரும், தெரியும். ஆனா இன்னிக்குக் கதையில அந்தச் சொத்து வரிக்காக ஒரு மேயரும் அவரோட கவுன்சிலர்களும் ஜெயிலுக்குப் போறாங்க. இதுல ஊழல் எதுவும் கிடையாது. தெரிஞ்சே, திட்டம் போட்டு, பேண்டு வாத்தியத்தோட கிளம்பிப் போனாங்க.

இடம் கிழக்கு லண்டன்ல இருந்த பாப்லர். 1900-ல இது ஒரு பரோ ஆச்சு. பரோன்னா நம்ம ஊர் நகராட்சி மாதிரின்னு வெச்சுக்கலாம். 1965-ல அதைக் கலைச்சுட்டாங்க. பேரு உங்களுக்குப் புதுசா இருக்கலாம், இடம் அவ்வளவு புதுசு இல்ல. 'கால் தி மிட்வைஃப்' சீரியல் பார்த்திருந்தா, அந்த நர்ஸுங்க சைக்கிள்ல சுத்துற தெருவெல்லாம் பாப்லர்தான். கிழக்கிந்தியக் கம்பெனியோட கப்பல்கள் வந்து நின்ன ஈஸ்ட் இந்தியா டாக்ஸ் இங்கதான் இருந்துச்சு. இன்னிக்கு பேங்குகள் நிக்கிற கேனரி வார்ஃப், அந்தக் காலத்து வெஸ்ட் இந்தியா டாக்ஸ் மேலதான் எழும்பியிருக்கு. சாயங்காலம் ஆனா 'லண்டன் டீம்' கூட கால்ல உக்கார்றவங்க எத்தனை பேர் இதைக் கேட்டுட்டு இருக்கீங்களோ!

துறைமுகம்னா வேலை நிறைய இருக்கும்னு தோணும். இருந்துச்சு, ஆனா தினக்கூலி. காலையில கேட்டுக்கு முன்னாடி கூட்டமா நிக்கணும், ஆள் எடுத்தா அன்னிக்குச் சம்பளம், இல்லன்னா கிடையாது. முதல் உலகப்போர் முடிஞ்சு கொஞ்ச நாள்ல வர்த்தகம் படுத்துச்சு. 1920 கடைசியில இருந்து வேலை இல்லாதவங்க எண்ணிக்கை மளமளன்னு ஏறுச்சு.

இப்போ அந்த வரிக் கணக்கு. இதைப் புரிஞ்சுக்கிட்டா மீதிக் கதை தானா புரியும். அப்போ லண்டன்ல ஒவ்வொரு பரோவும் வீடு, கடையோட வாடகை மதிப்பை வெச்சு வரி வசூல் பண்ணும். அதுல ஒரு பங்கை மேல இருக்கிற நாலு அமைப்புகளுக்குக் கட்டணும்: லண்டன் கவுன்டி கவுன்சில், போலீஸ், மருத்துவமனைகளைப் பார்த்துக்கிட்ட அசைலம்ஸ் போர்டு, தண்ணி போர்டு. இது லண்டன் முழுக்க ஒரே விகிதம். ஆனா வேலையில்லாதவங்களுக்குக் கொடுக்கிற நிவாரணம்? அது பெரும்பாலும் அந்தந்த ஏரியாவோட பொறுப்பு.

வெஸ்ட்மின்ஸ்டர்ல பெரிய பெரிய மாளிகைகள், நிவாரணம் கேட்டு வர்றவங்க கம்மி. அங்க கொஞ்சம் வரி போட்டாலே கஜானா நிறையும். பாப்லர்ல சின்னச் சின்ன வீடுகள், தெருவுக்குத் தெரு வேலையில்லாதவங்க. அதே பணத்தை எடுக்க இங்க பல மடங்கு விகிதத்துல வரி போடணும். கட்டுறது யாரு? பக்கத்து வீட்டு ஏழை. அதாவது ஏழைங்க செலவை ஏழைங்களே பார்த்துக்கணும்னு சிஸ்டமே சொல்லுது. லோட் பேலன்சர் இல்லாத செட்டப். ஒரு சர்வர் எரிஞ்சுட்டு இருக்கும், இன்னொண்ணு சும்மா ஓடிட்டு இருக்கும்.

1919 தேர்தல்ல பாப்லரோட 42 இடங்கள்ல 39-ஐ லேபர் கட்சி பிடிச்சது. ஜெயிச்சவங்கள்ல துறைமுகத் தொழிலாளி, ரயில்வேக்காரர், தபால்காரர் எல்லாம் இருந்தாங்க. தலைவர் ஜார்ஜ் லான்ஸ்பரி. பெண்களுக்கு ஓட்டுரிமை வேணும்னு 1912-ல தன்னோட எம்.பி. பதவியையே விட்டுட்டு, திரும்ப நின்னு தோத்தவர். இவங்க வந்ததும் கவுன்சில் ஊழியர்களுக்குக் குறைஞ்சபட்சச் சம்பளம் வாரத்துக்கு 4 பவுண்டுன்னு அறிவிச்சாங்க. ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே 4 பவுண்டு. இந்த 4 பவுண்டை ஞாபகம் வெச்சுக்கோங்க.

1921 மார்ச்சுல கவுன்சில் ஒரு முடிவு எடுத்துச்சு. நம்ம ஏழைகளுக்கான நிவாரணத்துக்கு வசூல் பண்ணுவோம், மேல இருக்கிற அந்த நாலு அமைப்புகளுக்கு வசூல் பண்ண மாட்டோம். இது சட்டவிரோதம்னு அவங்களுக்கு நல்லாவே தெரியும். கவுன்டி கவுன்சிலும் அசைலம்ஸ் போர்டும் கோர்ட்டுக்குப் போச்சு. ஜூலை 29, விசாரணை நாள். மேயர் சாம் மார்ச் பதவிச் சங்கிலி போட்டுக்கிட்டு, முன்னாடி செங்கோல் தூக்குறவர் நடக்க, பாப்லர்ல இருந்து ஹைகோர்ட் வரைக்கும் ஊர்வலம். ஹைகோர்ட்டுக்குப் போறோம், ஒருவேளை அப்படியே ஜெயிலுக்கும் போவோம்னு பேனர்லயே எழுதியிருந்தாங்க.

செப்டம்பர்ல கைது. மொத்தம் 30 பேர். 25 ஆண்கள் பிரிக்ஸ்டன் சிறைக்கு, 5 பெண்கள் ஹாலோவே சிறைக்கு. அந்த அஞ்சு பேர்ல நெல்லி கிரெசால் நிறைமாத கர்ப்பிணி. அதனால அரசாங்கத்துக்கே சங்கடமாகி, அவங்களைச் சீக்கிரம் வெளிய விட்டாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச காட்சி அடுத்து வருது. கவுன்சிலர்கள் எல்லாம் உள்ள இருந்தா கவுன்சில் எப்படி நடக்கும்? சிறைக்குள்ளயே கூட்டம் நடத்த அனுமதி வாங்கினாங்க. ஹாலோவேல இருந்து பெண்களைக் கார்ல கூட்டிட்டு வருவாங்க, பிரிக்ஸ்டன்ல கூட்டம் நடக்கும், தீர்மானம் போடுவாங்க, திரும்பக் கொண்டுபோய் விடுவாங்க. வெளிய கூட்டம் கூடுனா, லான்ஸ்பரி அறை ஜன்னல் கம்பி வழியா பேசுவார்.

சொந்தக் கட்சியிலயே எல்லாரும் ஆதரிக்கல. பக்கத்து ஹாக்னி பரோவோட லேபர் மேயர் ஹெர்பர்ட் மாரிசன், இப்படிச் சட்டத்தை மீறினா நாளைக்கு நம்மளை நம்பி யாரு ஆட்சியைக் கொடுப்பாங்கன்னு எதிர்த்தார். அதை நான் பயந்தாங்கொள்ளித்தனம்னு சொல்ல மாட்டேன். அது நியாயமான கேள்விதான். ஆனா ஸ்டெப்னி, பெத்னல் கிரீன்னு ரெண்டு பரோ நாங்களும் கட்ட மாட்டோம்னு ஓட்டுப் போட்டதும் அரசாங்கம் இறங்கி வந்துச்சு. அக்டோபர் 12 விடுதலை. யாரும் மன்னிப்புக் கேக்கல. அடுத்த மாசமே சட்டம் வந்துச்சு, நிவாரணச் செலவை லண்டன் முழுக்கப் பகிர்ந்துக்கணும்னு. ஆறு வாரம் ஜெயில்ல இருந்து ஒரு வரி முறையை மாத்திட்டாங்க.

இதோட நிறுத்தினா சினிமா மாதிரி இருக்கும். ஆனா 4 பவுண்டு பாக்கி இருக்கே. விலைவாசி குறைஞ்சு, மத்த இடங்கள்ல சம்பளத்தைக் குறைச்சப்பவும் பாப்லர் குறைக்கல. அரசாங்கத் தணிக்கையாளர், கூடுதலா கொடுத்த 5,000 பவுண்டைக் கவுன்சிலர்கள் சொந்தக் கையில இருந்து கட்டணும்னுட்டார். வழக்கு ஹவுஸ் ஆஃப் லார்ட்ஸ் வரைக்கும் போய், 1925-ல பாப்லர் தோத்துச்சு. வரி கட்டுறவங்க பணத்துக்கு கவுன்சில் ஒரு பொறுப்பாளர், இஷ்டத்துக்கு வாரிக் கொடுக்க முடியாதுங்கிறது தீர்ப்போட சாரம். அந்த வாதத்துல கொஞ்சம் விஷயம் இருக்கு. ஆனா ஒரு நீதிபதி சம்பள சமத்துவத்தையே பெண்ணியப் பேராசைங்கிற மாதிரி எழுதினார் பாருங்க, அங்கதான் எனக்குக் கடுப்பாகுது. இந்த வழக்கு இப்பவும் நிர்வாகச் சட்டப் பாடத்துல வருது.

ஹாலோவேக்குப் போன அஞ்சு பேர்ல இன்னொருத்தர் மின்னி லான்ஸ்பரி. ஜார்ஜோட மருமகள், யூதக் குடும்பத்துல பிறந்தவங்க, டீச்சரா இருந்தவங்க. வெளிய வந்து மூணு மாசம் கூட ஆகல. 1922 ஜனவரி 1, நிமோனியாவுல இறந்துட்டாங்க. வயசு 32. ஜெயில்தான் அவங்க உடம்பைக் கெடுத்துச்சுன்னு கூட இருந்தவங்க நம்பினாங்க.

1965-ல பாப்லரைக் கலைச்சப்போ எதோட சேர்த்தாங்க தெரியுமா? ஸ்டெப்னி, பெத்னல் கிரீன். 1921-ல கூட நின்ன அதே ரெண்டு பரோ. மூணும் சேர்ந்து இன்னிக்கு டவர் ஹாம்லெட்ஸ். பாப்லர்ங்கிற பரோ மேப்புல இல்ல, பேரு மட்டும் ஒரு ஏரியாவாவும் ஒரு ரயில் ஸ்டேஷனாவும் இருக்கு. போ ரோடு பக்கம் போனீங்கன்னா, ஒரு கட்டடத்துச் சுவர்ல கடிகாரம் ஒண்ணு இருக்கும். அது மின்னி ஞாபகமா வெச்சது.