பாதர்மார் கொண்டுவந்த பந்து

1891இல் அமெரிக்காவில் இரண்டு காரியங்கள் நடந்தன. எட்டு ஆண்டுகள் தொழில்முறைப் பேஸ்பால் ஆடி, ஓட்ட வேகத்துக்குப் பேர்போன பில்லி சண்டே ஆட்டத்தை உதறிவிட்டு, மாதம் 83 டாலர் சம்பளத்துக்குச் சிகாகோ வை.எம்.சி.ஏ.யில் சமய ஊழியம் செய்யப் போனார். அதே ஆண்டு டிசம்பரில், ஸ்பிரிங்ஃபீல்ட் நகரத்து வை.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், இறையியல் படித்த ஜேம்ஸ் நைஸ்மித் பீச் பழக்கூடைகள் இரண்டைப் பத்தடி உயரத்தில் மாட்டி, 13 விதிகள் எழுதிப் புதிய ஆட்டமொன்றைத் தொடக்கிவைத்தார். முன்னவர் கடவுளுக்காக ஆட்டத்தைத் துறந்தவர். பின்னவருக்கு ஆட்டமே ஊழியம். இலங்கையின் மட்டக்களப்பு வாவிக்கரைக்கு வந்துசேர்ந்தது இந்த இரண்டாவது வழி.

வந்த இடத்துக்கு அது புதிதல்ல. தம்பிலுவில், காரைதீவு, செட்டிபாளையம் என்று கண்ணகி அம்மன் குடிகொண்ட ஊர்கள் நிறைந்த பூமி இது. மழை பொய்த்தாலும் கொள்ளைநோய் பரவினாலும் இங்குள்ளவர்கள் கொம்பு விளையாடினார்கள். ஊரார் கோவலன் பக்கம் வடசேரி, கண்ணகி பக்கம் தென்சேரி என்று இரண்டு அணியாகப் பிரிவார்கள். வளைந்த மரக்கொம்பு இரண்டை ஒன்றோடொன்று மாட்டிக் கயிறு கட்டி இழுப்பார்கள். கொம்பு முறிந்த பக்கத்துக்குத் தோல்வி. சிங்கள ஊர்களில் பத்தினித் தெய்வத்துக்கு ஆடும் அங்கெலிய இதன் உடன்பிறப்பு. முழங்கை போல் வளைந்த இரு தடிகளை மாட்டி இழுக்கும் ஆட்டத்தைக் கண்டி இராச்சியத்தில் சிறையிருந்த ரொபேர்ட் நொக்ஸ் 1681இல் வெளியான தன் நூலில் விவரிக்கிறார். நோய் போக்கும் வழிபாடாகவே மக்கள் அதை ஆடினார்கள் என்பதையும் குறிக்கிறார். வெற்றி தோல்வியும் வேண்டுதலும் ஒரே களத்தில் இருக்கலாம் என்பது இந்த மண்ணுக்கு முன்பே தெரியும்.

புளியந்தீவில் புனித மிக்கேல் கல்லூரி தோன்றியது 1873இல். கிழக்கின் கத்தோலிக்கப் பணி 1895இல் பிரெஞ்சு இயேசு சபையாரிடம் வந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு அவர்களுடைய இடத்தை நிரப்ப அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்து இயேசு சபையார் வரத் தொடங்கினார்கள். லூசியானாவின் ஈரமும் வெக்கையும் பழகிய அவர்களுக்கு வாவிக்கரையின் புழுக்கம் அந்நியமாக இருந்திருக்காது. கூடவே பந்தும் வந்தது. கூடைப்பந்தாட்டத்துக்குப் பெரிய மைதானம் வேண்டாம். ஒரு சீமெந்துத் தரை, இரண்டு கம்பம், பக்கத்துக்கு ஐந்து பேர் போதும். நாற்புறமும் நீர் சூழ்ந்த தீவில் நிலம் எப்போதும் அருமை. ஆட்டம் அங்கே ஊன்றிக்கொண்டதில் ஆச்சரியமில்லை. மிக்கேல் கல்லூரி என்றால் கூடைப்பந்து என்னும் பெயர் நாடெங்கும் பரவியது.

அந்தப் பெயருக்குப் பின்னால் நின்றவர்களில் ஒருவர் வணபிதா யூஜின் ஜோன் ஹேபேர். 1923இல் லூசியானாவின் ஜென்னிங்ஸ் ஊரில் பிறந்து, 1948இல் இலங்கைக்கு வந்தார். வகுப்பில் ஆசிரியர், மாலையில் பயிற்றுநர். பிற்காலத்தில் மட்டக்களப்பில் இளைஞர்களுக்குக் கைத்தொழில் கற்பித்த நிறுவனத்தை நடத்தினார்.

சமயம் பரப்பத்தான் விளையாட்டு என்று ஒரே வரியில் முடித்துவிடுவது எளிது. ஆனால் அந்தக் கல்லூரியில் படித்தவர்களில் சைவப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் இருந்தார்கள். பலர் எந்தச் சமயத்தில் வந்தார்களோ அதே சமயத்தில்தான் வெளியேறினார்கள். அவர்கள் கற்றுக்கொண்டது பந்தைத் தானே வைத்திருக்காமல் அடுத்தவனுக்குக் கொடுக்க. ஹேபேர் போன்றவர்களின் விசுவாசத்தை அறிய அவர்களுடைய பிரசங்கத்தைத் தேட வேண்டியதில்லை. அவர்கள் எங்கே தங்கினார்கள், எப்போது போகாமல் இருந்தார்கள் என்பதைப் பார்த்தால் போதும்.

1990 ஜூனில் இலங்கையின் உள்நாட்டுப் போர் மீண்டும் மூண்டது. ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அடுத்த வாரம் ஏறாவூரில் முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். தமிழ் ஊர்களிலும் பழிக்குப் பழி விழுந்தது. அந்த நாட்களில்தான் ஹேபேர், ஆபத்தில் சிக்கியிருந்தவர்களுக்கு உதவ வாழைச்சேனைக்குப் போனார். அமெரிக்கக் கடவுச்சீட்டு உள்ளவர், நாட்டைவிட்டே போயிருக்கலாம். ஆகஸ்ட் 15, மாதாவின் விண்ணேற்புத் திருநாள். ஒரு தமிழ் இளைஞனை ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டரில் மட்டக்களப்புக்குத் திரும்பினார். இருவரும் வந்துசேரவில்லை. உடல்களும் கிடைக்கவில்லை. அவருக்கு அப்போது 66 வயது.

அவருடைய சபைத் தோழர் வணபிதா ஹரோல்ட் வெபரின் பெயரை நகரத்து வெபர் மைதானம் தாங்கியிருக்கிறது. உதைபந்தாட்டமும் மெய்வல்லுநர் போட்டிகளும் நடக்கும் அந்த மைதானத்தை ஊரார் வெறுமனே ‘வெபர்’ என்பார்கள். இன்னொருவர், நியூ ஓர்லியன்ஸிலிருந்து 1948இல் வந்த வணபிதா பெஞ்சமின் மில்லர். மிக்கேல் கல்லூரியில் கற்பித்தவர், மட்டக்களப்புச் சமாதானக் குழுவில் இருந்து கொல்லப்பட்டோர், காணாமற்போனோர் விவரங்களைப் பதிந்துவைத்தவர். 2019 புத்தாண்டு நாளில் மட்டக்களப்பிலேயே இறந்தார்.