குளோராக்ஸ் வந்த வழி

நம் ஊர்த் தெங்கேரா சாலையில் எந்த மளிகைக் கடையிலும் குளோராக்ஸ் போத்தல் கிடைக்கும். சட்டை வெளுக்கவும் கழிவறை கழுவவும் வாங்குகிறோம். ஒரு வீட்டில் கத்திக்குத்து நடந்தாலும், தனியாக வாழ்ந்தவர் இறந்தது பல நாள் கழித்துத் தெரிந்தாலும், உடலை எடுத்துப்போன பிறகு வீட்டார் தேடுவதும் இதைத்தான்.

இது சலவைத் தொழிலில் பிறந்த சரக்கு. 1774இல் சுவீடனின் ஷீலே குளோரினைக் கண்டறிந்தார். பிரான்சின் பெர்தொலே அதில் துணி வெளுக்கும் நீர் செய்தார். 1799இல் ஸ்காட்லாந்தின் சார்லஸ் டென்னன்ட் அதைச் சுண்ணாம்பில் ஏற்றிப் பிளீச்சிங் பவுடராக்கினார். பாரிஸ் மருந்தாளர் லபராக் குடல் பதனிடும் பட்டறைகளின் நாற்றத்தைப் போக்க இத்தகைய குளோரின் கரைசலைக் கையாண்டார். 1824இல் பதினெட்டாம் லூயி மன்னர் இறந்தபோது, துர்நாற்றம் வீசிய உடலை அந்தக் கரைசலில் நனைத்த துணியால் மூடினார்கள். 1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் மருத்துவர்களைக் குளோரின் சுண்ணாம்பு நீரில் கைகழுவ வைத்தார். பிரசவ வார்டில் தாய்மார் சாவு மளமளவென்று குறைந்தது. முதல் உலகப் போரில் டேக்கின் 0.5 விழுக்காட்டுக் கரைசலால் சிப்பாய்களின் புண்களைக் கழுவச் செய்தார். 1913இல் அமெரிக்காவின் ஓக்லாந்தில் தொடங்கிய ஒரு நிறுவனம் இதைப் போத்தலில் அடைத்து விற்றது. அந்தச் சரக்கின் குளோராக்ஸ் என்ற பெயரைத்தான் இன்று எல்லாப் பிளீச்சுக்கும் சொல்கிறோம்.

இவ்வளவு பேர்பெற்ற மருந்தும் இரத்தம் தேங்கிய இடத்தில் ஊற்றினால் வலுவிழந்துவிடும். முதலில் இரத்தத்தை ஒற்றி எடுத்துக் கழுவ வேண்டும். பிறகு ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, குறைந்தது பத்து நிமிடம் ஈரமாகவே விட வேண்டும். கலவையை அன்றன்றே தயாரிக்க வேண்டும். நம் ஊர் வெக்கையில் போத்தலில் இருப்பதே வீரியம் இழக்கும். சிறுநீரோடு சேர்ந்தாலும் அமிலக் கழிவறைத் திரவத்தோடு சேர்ந்தாலும் நச்சுவாயு கிளம்பும். போலீஸ் தடய வேலையை முடிக்குமுன் ஊற்றவே கூடாது: இரத்தத் தடயம் தேடப் பயன்படும் லூமினால் என்ற மருந்து இரத்தத்தில் ஒளிர்வதுபோல் பிளீச்சிலும் ஒளிரும்.

பழைய கடைவீட்டு மாடியின் பலகைத் தரையை நினைத்துப் பாருங்கள். மேலே துடைத்தால் பளிச்சென்று இருக்கும். இடுக்கு வழியே இறங்கிய இரத்தம் அடிச்சட்டத்தில் ஊறிக் கிடக்கும். அங்கே பிளீச் எட்டாது. பலகையைப் பெயர்த்து அகற்றத்தான் வேண்டும். எதை வைப்பது, எதை வெட்டி எறிவது என்று தெரிந்தவரே இத்தகைய வீடுகளைத் துப்புரவு செய்யும் தொழிலாளி. மஞ்சட்காமாலை பி தடுப்பூசி, முகக்கவசம், இரட்டைக் கையுறை இல்லாமல் அவர் உள்ளே போகக் கூடாது. இறந்தவரின் கண்ணாடியையும் படங்களையும் எடுத்து வைக்கும்போது மனம் படும் பாட்டுக்கோ எந்தக் கவசமும் இல்லை.

தகப்பனின் இரத்தத்தை மகளே துடைக்கும் நிலை எந்த வீட்டுக்கும் வரக்கூடாது. நம் சங்கங்களின் மரண சகாய நிதி சவப்பெட்டிக்கும் சடங்குக்கும் உதவுகிறது. முறையாகப் பயின்ற துப்புரவாளரின் கூலியையும் அந்தக் கணக்கில் சேர்ப்போம்.