முதுமையின் செவியும் சோதனையின் மொழியும்

இந்தியச் செவிநலத் திட்டங்களின் வரலாற்றில் முதியோர் பிந்தியே இடம்பெற்றனர். மைசூரில் அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் 1965இல் தோன்றியது. திருவனந்தபுரத்தில் ‘நிஷ்’ 1997இல் தொடங்கப்பட்டது. கேரள அரசின் 2012ஆம் ஆண்டுச் ‘சுருதிதரங்கம்’ திட்டம் குழந்தைகளுக்கானது. வறுமைக்கோட்டிற்குக் கீழுள்ள 60 வயது கடந்தோர்க்குக் காதுக்கருவியை இலவசமாக வழங்கும் ராஷ்டிரிய வயோஸ்ரீ திட்டம் 2017இல்தான் வந்தது.

இவ்வரலாற்றின் விளிம்பில் நிற்கிறது போனக்காடு. தலைநகரிலிருந்து ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவிலுள்ள, நலிவுற்ற தேயிலைத் தோட்டம் அது. தொழிலாளரில் தமிழ் வம்சாவளியினர் பலர். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் மருத்துவ வசதியை நிர்வாகத்தின் கடமையாக்கியது. நிர்வாகத்தைச் சார்ந்த உரிமை, தோட்டம் முடங்கினால் தானும் முடங்கும். 65 வயது கடந்தோர்க்கு மருந்தும் மருத்துவமும் தரும் கேரளத்தின் ‘வயோமித்ரம்’ நகர்ப்புறத் திட்டம். போனக்காடோ விதுரா ஊராட்சியைச் சேர்ந்தது.

தொலைவைக் கடந்தாலும் மொழி எஞ்சுகிறது. முதுமையில் முதலில் மங்குவது உயர் அதிர்வெண் ஒலிகள். உயிரொலி கேட்கும், ‘பட்டி’, ‘தட்டி’, ‘சட்டி’ என்பவற்றின் வேறுபாடு மறையும். “சத்தம் கேட்கிறது, பேச்சு விளங்கவில்லை” என முதியோர் கூறுவது இதனால்தான். தொனிச் சோதனைக்கு மொழி வேண்டியதில்லை. பேச்சுணர் சோதனையோ சொற்பட்டியலை நம்பியது. தமிழில் வாழ்ந்தவரை மலையாளச் சொற்களால் சோதித்தால், செவியின் குறையையும் மொழியின் அயன்மையையும் பிரித்தறிய இயலாது. மலிவான கருவி பாதித் தீர்வே. தாய்மொழிச் சோதனையே அதனை முழுமையாக்கும்.