தோட்டப் பள்ளியும் நல்லாசிரியரும்

நல்லாசிரியர் எனப்படுபவர் யார் என்ற வினாவுக்குத் தமிழில் மிகப் பழைய விடைகள் உண்டு. அவற்றுள் மாணாக்கர் பலரும் அறிந்தது நன்னூற் பாயிரம் தரும் விடையாகும். பதின்மூன்றாம் நூற்றாண்டளவில் வாழ்ந்த பவணந்தி முனிவர், நல்லாசிரியருக்கு நிலத்தையும் மலையையும் துலாக்கோலையும் மலரையும் உவமை கூறினார். நிலம் பொறுமை உடையது. உழைப்பவனின் முயற்சிக்கேற்ற பயனைத் தருவது. மலை அசையாதது, மழை பொய்த்த காலத்திலும் தன்னை அடைந்தார்க்கு நீர் தருவது. துலாக்கோல் நடுவுநிலை தவறாதது. மலர் மென்மையுடையது, யாவரும் மகிழ்ந்து ஏற்பது.

இவ்வுவமைகளைப் பள்ளியில் மனப்பாடம் செய்தோர் பலர். ஆயினும், கற்றறிந்த ஆசிரியரைத் தேடி மாணாக்கன் தானே வந்த காலத்தின் இலக்கணம் இது. வறுமையும் வேலையும் பிள்ளையைப் பள்ளியினின்று இழுத்துச் செல்லும் இடத்தில் நல்லாசிரியரின் இலக்கணம் யாது? இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களின் கல்வி வரலாறு இவ்வினாவுக்கு ஒரு விடை தருகிறது.

நுவரெலியா மாவட்டத்தில், கொத்மலைப் பள்ளத்தாக்கைச் சார்ந்து அமைந்த சிற்றூர் பூண்டுலோயா. அப்பெயருடைய ஓடை அங்கிருந்து இறங்கிக் கொத்மலை ஓயாவுடன் கலக்கிறது. சுற்றிலும் டன்சினன், சீன் முதலிய தோட்டங்கள். டன்சினன் என்பது ஸ்கொத்லாந்து நாட்டு மலையொன்றின் பெயர். துரைமார் தாம் பிறந்த நாட்டின் பெயர்களை இம்மலைகளுக்குச் சூட்டினர். அம்மலைகளில் காடழித்துக் கோப்பியும் பின்னர்த் தேயிலையும் நட்டவர்களோ தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து வந்த ஏழை மக்கள். 1867 இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலையைப் பயிரிட்டார். 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பிப் பயிரை அழிக்கவே, மலைநாடு முழுவதும் தேயிலை பரவிற்று. கோப்பிக் காலத்தில் அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பிய தொழிலாளர் பலர். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். எனவே குடும்பங்கள் லயங்களில் நிலைத்தன. பிள்ளைகள் அங்கேயே பிறந்து வளர்ந்தனர். அப்பிள்ளைகளுக்குக் கல்வி தருபவர் யார் என்ற கேள்வி இவ்வாறே பிறந்தது.

முதலில் விடை கூறியவர்கள் மக்களே. எழுத்தறிந்த ஒருவர், மாலை வேளையில் லயத்து அறையிலோ கோயில் மண்டபத்திலோ பிள்ளைகளைக் கூட்டி அரிச்சுவடி சொல்லிக் கொடுத்தார். தமிழகத்துத் திண்ணைப் பள்ளி கடல் கடந்து லயப் பள்ளியாக மாறிற்று எனலாம். 1854 இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் என்ற கிறித்தவ சபையும் தோட்டங்கள் சிலவற்றில் பள்ளிகளை நடத்திற்று. அரசாங்கம் சட்டம் இயற்றியது 1907 இல். ஆறு வயது முதல் பத்து வயது வரையுள்ள தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி தருவதும், அதற்குத் தக்க அறையொன்றை ஒதுக்குவதும் தோட்ட நிர்வாகத்தின் கடமை என்று அச்சட்டம் விதித்தது. 1920 இன் கல்விச் சட்டம் அக்கடமையை வலியுறுத்திற்று.

சட்டம் அறையைக் கேட்டது, அறை கிடைத்தது. ஆனால் அந்த அறைக்குள் நிற்பவர் எத்தகையவராக இருத்தல் வேண்டும் என்பதைச் சட்டத்தால் செய்து தர இயலவில்லை. பெரும்பாலான தோட்டப் பள்ளிகள் ஓராசிரியர் பள்ளிகள்; ஐந்தாம் வகுப்புக்கு மேற்படாதவை. ஆசிரியர் தோட்ட நிர்வாகத்தின் கீழ்ச் சம்பளம் பெறும் ஒருவர். துரையின் விருப்பத்துக்கு மாறாக அவர் வாய்திறத்தல் எளிதன்று. பெரியதொரு நகரப் பள்ளியில் ஓர் ஆசிரியர் குறையுடையவராயின், மற்றோர் ஆசிரியர் அக்குறையை ஈடு செய்வார். ஓராசிரியர் பள்ளியில் அவ்வாய்ப்பு இல்லை. அங்கே ஆசிரியரின் அறிவே பள்ளியின் அறிவு. அவருடைய சோம்பலே பள்ளியின் சோம்பல். ஒரு தலைமுறையின் விதி ஒருவருடைய குணத்தைச் சார்ந்து நின்றது.

அத்தகைய ஆசிரியருக்கு முதற்கண் வேண்டியது தெளிவாகக் கற்பிக்கும் திறன். ஒரே அறையில் ஐந்து வகுப்புக்கள். ஒரு வகுப்புக்குப் பாடம் நடக்கையில் மற்ற நான்கும் வாளாவிருத்தல் கூடாது. மூத்த மாணாக்கர் இளையோருக்குச் சொல்லிக் கொடுக்கும் முறையே இதற்கு வழி. இம்முறைக்குச் சுவையான வரலாறு ஒன்று உண்டு. 1789 இல் சென்னை எழும்பூரில் படைவீரரின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை ஏற்று நடத்திய அந்திரு பெல் என்ற பாதிரியார், திண்ணைப் பள்ளிச் சிறுவர் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். மாணாக்கரே மாணாக்கருக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் வளர்த்தார். 1797 இல் இங்கிலாந்தில் அதுபற்றி நூல் வெளியிட்டார். சென்னை முறை என்ற பெயரால் அது மேனாட்டுப் பள்ளிகளிற் பரவிற்று. நம் சட்டாம்பிள்ளையை மேனாடு மதித்தது என்று இதனாற் பெருமை கொள்ளலாம். ஆயின், சட்டாம்பிள்ளை கையில் பிரம்பைக் கொடுத்துவிட்டு ஆசிரியர் ஓய்ந்திருப்பது வேறு. அவனுக்குப் பொறுப்பைக் கொடுத்து, அவன் சொல்லிக் கொடுப்பதைக் கவனித்துத் திருத்துவது வேறு. பின்னதைச் செய்பவரிடத்தில் மூத்தவனும் கற்கிறான், இளையவனும் கற்கிறான்.

இரண்டாவது குணம், பிள்ளையின் உலகத்தை அறிதல். நன்னூலாரும் நல்லாசிரியருக்கு உலகியலறிவு வேண்டும் என்றார். தோட்டத்துப் பிள்ளையின் உலகம் பெரட்டும் கொழுந்து மலையும் பிள்ளைக்காம்பராவும் காமன் கூத்தும் நிறைந்தது. கடற்கரையையும் நெல்வயலையும் மட்டுமே கூறும் பாடநூலைக் கையில் ஏந்தி, அப்பிள்ளைக்கு அறிவில்லை என்று கூறுவது எளிது. தாய் பறித்த கொழுந்தின் நிறையைக் கொண்டு கூட்டலும் கழித்தலும் கற்பித்தால் அதே பிள்ளை விரைவில் விடை கூறும். காலையில் இத்தனை றாத்தல், மாலையில் இத்தனை றாத்தல், கூடைக்கு எனக் கழித்தது இவ்வளவு என்று கணக்குப் போடத் தெரிந்த பிள்ளை, செக்றோலில் தாயின் பெயருக்கு எதிரே எழுதிய தொகை சரியா என்பதையும் பார்க்கக் கற்றுக் கொள்கிறது. கையொப்பமிடத் தெரியாமற் பெருவிரலை ஒற்றி வந்த குடும்பத்தில் இது சிறிய காரியமன்று.

மூன்றாவது, துலாக்கோலின் நடுவுநிலை. தோட்டத்தில் கங்காணியின் பிள்ளையும் உண்டு. வாசற் கூட்டும் தொழிலாளியின் பிள்ளையும் உண்டு. சாதி வேற்றுமை கடல் கடந்தும் ஒழியவில்லை. இப்பிள்ளைகளை ஒரே வாங்கில் அமரச் செய்து, ஒரே கேள்வியைக் கேட்டு, ஒரே அளவான புன்சிரிப்பை வழங்கிய ஆசிரியர், பாடநூலில் இல்லாத பாடம் ஒன்றை நாள்தோறும் கற்பித்தவராவார். தனக்கு இவ்விடத்தில் மதிப்புண்டு என்று அறிந்த பிள்ளைதான் தெரியாததைத் தெரியாது என்று சொல்லத் துணியும். அந்தத் துணிவு இல்லாத இடத்தில் கல்வி தொடங்குவதில்லை.

நன்னூலார் தீய ஆசிரியருக்கும் உவமை கூறியுள்ளார். அவற்றுள் ஒன்று மடற்பனை. கருக்குடைய மட்டைகள் சூழ நின்று, எவரையும் ஏறவிடாது, தானாக விழும் பழத்தை மட்டும் தருவது அது. பிரம்பாலும் கடுஞ்சொல்லாலும் தம்மைச் சுற்றி வேலியிட்டுக் கொண்ட ஆசிரியர் எங்கும் உண்டு. ஆயினும், வேறு பள்ளி செல்ல வழியுள்ள பிள்ளை அவரை விட்டு விலகிப் போகலாம். தோட்டத்துப் பிள்ளை பள்ளியையே விட்டுப் போயிற்று.

நான்காவது குணம் மலையின் உறுதி. பத்து வயதுப் பிள்ளைக்குத் தோட்டத்தில் வேலை இருந்தது; வீட்டில் கைக்குழந்தையைப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது. மாணாக்கர் வராத நாளில் இடாப்பில் வரவில்லை என்று குறித்துவிட்டு இருப்பது ஒருவகை. மாலையில் லயத்துக்குச் சென்று, தாய் தந்தையரிடம் பேசி, மறுநாள் பிள்ளையை வரச் செய்வது மற்றொரு வகை. மழை பொய்த்த காலத்தில் நீர் தரும் மலை என்று பவணந்தியார் சொன்னது இவ்விரண்டாம் வகையினருக்கே பொருந்தும்.

நாட்டின் பெரிய மாற்றங்கள் தோட்டப் பள்ளியை மெல்லவே வந்தடைந்தன. 1945 இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நாட்டில் நிலைபெற்றது. ஐந்தாம் வகுப்புடன் நின்ற தோட்டப் பள்ளிப் பிள்ளைக்கு அதன் முழுப் பயன் எட்டவில்லை. 1948 இன் குடியுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழர் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. 1960, 1961 ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பள்ளிகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோதும், தோட்டப் பள்ளிகள் தோட்டங்களிடமே விடப்பட்டன. 1964 இன் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தின்பின், இன்று வகுப்பில் இருக்கும் பிள்ளை நாளை இந்தியாவுக்குக் கப்பலேறலாம் என்ற நிலையில் ஆசிரியர்கள் பாடம் நடத்தினர். 1972 இலும் 1975 இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையான பிறகே, பள்ளிகளும் படிப்படியாக அரசாங்கத்தின் கீழ் வந்தன.

இவ்வளவு தடைகளுக்கு இடையிலும் கற்று மேலெழுந்தோர் உண்டு. பூண்டுலோயாவை அடுத்த மடகொம்பரைத் தோட்டத்தில் 1914 இல் பிறந்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. கவிஞராகவும் நாவலாசிரியராகவும் விளங்கிய அவர், 1947 இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றார். தொழிலாளர் வாய்மொழிப் பாடல்களைத் தொகுத்து அழியாமற் காத்தார். அவர் பெரிய கங்காணிக் குடும்பத்தில் தோன்றியவர். வெளியூர்க் கல்லூரிகளிற் பயிலும் வசதி பெற்றவர். அவ்வசதி இல்லாத கொழுந்து பறிக்கும் தாயின் மகனுக்கும் மகளுக்கும் இருந்த ஒரே வழி, மேலே செல்லும் பாதையை அறிந்த ஓர் ஆசிரியர் மட்டுமே.

ஆகவே ஐந்தாவது குணம் ஒன்றை மலைநாட்டு வரலாறு நன்னூலாரின் பட்டியலோடு சேர்க்கிறது. அது, தம் வகுப்போடு பிள்ளையின் கல்வி முடிந்துவிடாமற் காத்து, அடுத்த பள்ளிக்கு வழியனுப்பும் குணம். பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளைக்கு அதைப் பெற்றுத் தருவதும், நகரக் கல்லூரி அதிபருக்குக் கடிதம் எழுதுவதும், தங்க ஓர் இடம் தேடித் தருவதும் பாடவேளைக்குள் அடங்காத வேலைகள். ஆனால் அவை இன்றிக் கற்பித்தது ஐந்தாம் வகுப்புடன் கரைந்து போகும். அவ்வாறு அனுப்பப்பட்டோரை ஏற்று வளர்க்க மேலேயும் நல்லாசிரியர் வேண்டும். 1960 களில் அட்டன் ஹைலன்ஸ் கல்லூரியில் இர. சிவலிங்கம், திருச்செந்தூரன் முதலியோர் அப்பணியைச் செய்தனர். தாம் யார், தம் மக்கள் யார் என்று சிந்திக்கும் இளைஞர் கூட்டம் ஒன்று அவர்கள் காலத்தில் எழுந்தது. அடுத்த தலைமுறையில் மலைநாட்டுப் பிள்ளைகள் பலர் தாமே ஆசிரியராயினர். அவர்களைப் பயிற்றுவிக்கப் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி அமைந்தது. லயத்தில் பிறந்தவரே லயத்துப் பிள்ளைக்குக் கற்பிக்கும் காலம் வந்தது.

லயத்தில் பிறந்ததனால் மட்டும் ஒருவர் நல்லாசிரியர் ஆகிவிடுவதில்லை. வெளியூரிலிருந்து வந்ததனால் மட்டும் ஒருவர் அயலாராகிவிடுவதும் இல்லை. அறிவும் தெளிவும், பிள்ளையின் வாழ்வை அறியும் கண்ணும், நடுவுநிலையும் உறுதியும் எவரிடத்தும் வளரக் கூடியவை. பயிற்சியாலும் பழக்கத்தாலும் வளர்க்கப்பட வேண்டியவை. இவற்றால் விளையும் பயனைத் தேர்வுப் பெறுபேறு ஓரளவு காட்டும். தம்மிடம் பயின்ற பிள்ளைகளுள் எத்தனை பேர் அடுத்த பள்ளியின் வாயிலை மிதித்தனர் என்ற கணக்கு அதனினும் நன்றாகக் காட்டும். அந்தக் கணக்கைத் தம் மனத்தில் எழுதி வைத்திருக்கும் ஆசிரியர் எந்தத் தோட்டத்தில் இருக்கிறாரோ, அந்தத் தோட்டத்துப் பிள்ளைகள் பேறு பெற்றவர்கள்.