ஆராய்ச்சி மாணவர் உதவித்தொகை: வரலாறும் நடைமுறையும்

முனைவர் பட்ட ஆய்வு செய்யும் மாணவர் மாதந்தோறும் பெறும் பணம் உதவித்தொகை எனப்படுகிறது. திருத்தணியிலிருந்து ரயிலேறிச் சென்னைக்குப் போய் ஆய்வு செய்யும் பிள்ளையின் வீட்டார் அதைச் சம்பளம் என்றுதான் சொல்வார்கள். ஆனால் அது சம்பளம் அன்று. வருங்கால வைப்பு நிதியோ ஓய்வூதியமோ அதனுடன் வருவதில்லை.

தமிழகத்தில் இதற்குப் புகழ்பெற்ற பழைய சான்று சீனிவாச இராமானுசன். சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தராக இருந்த அவருக்கு, சென்னைப் பல்கலைக்கழகம் 1913 மே மாதம் முதல் இரண்டாண்டுகளுக்கு மாதம் 75 ரூபாய் வழங்கியது. முதுகலைப் பட்டம் பெற்றவர்களுக்கு உரிய அத்தொகையை, கல்லூரிப் படிப்பையே முடிக்காத ஒருவருக்காக விதியைத் தளர்த்திக் கொடுத்தார்கள். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஆய்வறிக்கை தரவேண்டும் என்பதே நிபந்தனை. அலுவலகக் கணக்கு எழுதிய நேரமெல்லாம் கணிதத்திற்குக் கிடைத்தது.

அன்று அது ஒரு பல்கலைக்கழகத்தின் தனி முடிவு. நாடு முழுவதற்குமான ஏற்பாட்டில் திருத்தணிக்கும் பங்குண்டு. இங்கே 1888-இல் எளிய குடும்பத்தில் பிறந்து, உதவித்தொகைகளின் துணையால் படித்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன், 1948-இல் அமைந்த பல்கலைக்கழகக் கல்வி ஆணையத்தின் தலைவரானார். அந்த ஆணையத்தின் பரிந்துரையை ஒட்டியே பல்கலைக்கழக மானியக் குழு 1953-இல் தொடங்கி, 1956-இல் சட்டப்படி அமைந்தது.

இன்று பணம் இரண்டு வழிகளில் வருகிறது. தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தேறியவருக்கு அது அவர் பெயரிலேயே வரும். 2014-இல் 25,000 ரூபாயாக இருந்த தொகை 2019-இல் 31,000 ஆகி, 2023 முதல் 37,000 ரூபாயாக உள்ளது. இரண்டாண்டுகளுக்குப்பின் மதிப்பீட்டில் தேறினால் 42,000. மற்றொரு வழி, பேராசிரியர் பெற்ற ஆய்வுத் திட்ட மானியம். திட்டம் முடிந்தால் மாணவரின் பணமும் நின்றுவிடும், ஆய்வேடு பாதியில் இருந்தாலும். செலவுக் கணக்கும் பயன்பாட்டுச் சான்றிதழும் போய்ச் சேரத் தாமதமானால் அடுத்த தவணையும் தாமதமாகும். அந்த மாதங்களில் விடுதிக் கட்டணத்துக்குக் கடன் வாங்குபவர் மாணவர்தான்.

மத்தியப் பல்கலைக்கழகங்களில் இத்தேர்வு எழுதாத முனைவர் பட்ட மாணவர்களுக்குத் தரப்பட்ட 8,000 ரூபாயை 2015-இல் நிறுத்த முடிவானபோது, டெல்லியில் மானியக் குழு அலுவலகத்தின் முன் மாணவர்கள் போராடினார்கள். உதவித்தொகை தொடரும் என்று அரசு அறிவித்தது.