ஈஸ்ட்ரோஜன் ஏற்பி: பயாப்சி அறிக்கையில் பலரும் படிக்காமல் விடும் வரி

கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் பகுதியில் ஒரு பெண்ணுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்தால் போகும் வழி பெரும்பாலும் ஒன்றுதான். முதலில் உள்ளூர் மருத்துவர், பிறகு கானாவிலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அதையும் தாண்டினால் மதுரை. கட்டியிலிருந்து சிறிது சதை எடுத்து பயாப்சிக்கு அனுப்புவார்கள். அறிக்கையில் 'புற்றுநோய்' என்று கண்டதும் வீடே கலங்கிவிடும். அதற்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க யாருக்கும் மனம் வராது. ஆனால் அடுத்த பல ஆண்டுகளுக்கான சிகிச்சையைத் தீர்மானிப்பது அங்கேதான் இருக்கிறது: 'ஈ.ஆர். பாசிட்டிவ்' அல்லது 'ஈ.ஆர். நெகட்டிவ்'.

ஈ.ஆர். என்பது ஈஸ்ட்ரோஜன் ஏற்பி. ஈஸ்ட்ரோஜன், முக்கியமாகப் பெண்களின் சினைப்பையில் சுரக்கும் ஹார்மோன். அது ரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் சுற்றுகிறது. ஆனால் எல்லா உறுப்புகளும் ஒரே அளவுக்கு அதற்குப் பதில் சொல்வதில்லை. எந்தச் செல்லுக்குள் ஏற்பி என்ற புரதம் இருக்கிறதோ, அந்தச் செல்தான் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும். பிடித்ததும் ஏற்பி மரபணுக்களின் மேல் போய் அமர்ந்து, சிலவற்றை இயக்கும், சிலவற்றை நிறுத்தும். பூட்டும் சாவியும் போல என்று வைத்துக்கொள்ளலாம்.

1950களின் இறுதியில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் எல்வுட் ஜென்சன் என்ற விஞ்ஞானி, கதிரியக்க அடையாளமிட்ட ஈஸ்ட்ரோஜனைப் பெண் எலிகளுக்குச் செலுத்திப் பார்த்தார். மற்ற உறுப்புகளிலிருந்து அது சீக்கிரம் வெளியேறிவிட்டது. கருப்பை போன்ற சில உறுப்புகளில் மட்டும் தங்கியது. அங்கே அதைப் பிடித்து வைக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது என்று கண்டார். அதுதான் ஏற்பி. 1996-ல் இரண்டாவது வகை ஒன்றும் கண்டுபிடிக்கப்பட்டது. இன்று முதலாவதை ஆல்ஃபா என்றும் இரண்டாவதை பீட்டா என்றும் அழைக்கிறார்கள். மார்பகப் புற்றுநோய் அறிக்கையில் பார்ப்பது ஆல்ஃபாவை.

இது பெண்களுக்கு மட்டுமான விஷயம் என்று நினைக்க வேண்டாம். 1994-ல் அமெரிக்க மருத்துவர்கள் ஓர் ஆணைப் பற்றி எழுதினார்கள். வயது 28, உயரம் 204 சென்டிமீட்டர். இன்னும் வளர்ந்துகொண்டிருந்தார். ஆனால் எலும்புகளோ மெலிந்திருந்தன. காரணம், மரபணுக் கோளாறால் அவருடைய ஆல்ஃபா ஏற்பி வேலை செய்யவில்லை. ஆணின் எலும்பு வளர்ச்சி உரிய வயதில் நிற்பதற்கும், எலும்பு உறுதியாவதற்கும் ஈஸ்ட்ரோஜன் தேவை என்பது அதன் மூலம் தெளிவானது. மாதவிடாய் நின்ற பிறகு நம் வீட்டுப் பெரியவர்களுக்கு உடம்பில் திடீரென அனல் பறப்பதும், லேசாக வழுக்கி விழுந்தாலே மணிக்கட்டோ இடுப்போ முறிவதும் இதே கணக்குதான். ஏற்பிகள் இருக்கின்றன, ஹார்மோன் வருவது குறைந்துவிட்டது.

இனி புற்றுநோய்க்கு வருவோம். 2022-ல் இந்தியாவில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் வந்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிட்டுள்ளது. இவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களின் கட்டியில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருக்கும். அந்தக் கட்டி ஈஸ்ட்ரோஜனைத் தின்று வளர்கிறது. அப்படியென்றால் பூட்டில் வேறொரு சாவியைச் செருகி அடைத்துவிட்டால்? டமாக்சிஃபென் மாத்திரை மார்பகத்தில் செய்வது அதைத்தான். இங்கிலாந்தில் கருத்தடை மருந்தாகத் தேடப்பட்டு, அந்த வேலைக்கு உதவாமல் போனது இது. 1970களில் புற்றுநோய் மருந்தாக வந்தது. ஈ.ஆர். பாசிட்டிவ் பெண்கள் ஐந்து ஆண்டுகள் எடுத்துக்கொண்டால், அந்த நோயால் இறப்பது சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று பெரிய ஆய்வுகள் காட்டின. விலையும் குறைவு. மாதவிடாய் நின்றவர்களுக்கு லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் போன்றவற்றைத் தருவார்கள். அவை ஈஸ்ட்ரோஜன் உருவாவதையே தடுப்பவை. எலும்பைக் கவனித்துக்கொள்ள வேண்டும்.

ஈ.ஆர். நெகட்டிவ் என்றால் இந்த மாத்திரைகளால் பயனில்லை. கீமோதெரபி போன்ற வேறு சிகிச்சை தேவைப்படும். ஆகவே பரிசோதனை தவறினால் சிகிச்சையே தவறும். வெட்டியெடுத்த சதையை ஒரு மணி நேரத்துக்குள் போதிய அளவு ஃபார்மலினில் போட வேண்டும். வெறும் சலைன் தண்ணீரிலோ காலியான டப்பாவிலோ போட்டு, பஸ் ஏறி மதுரைக்குக் கொண்டுபோனால், இருக்கும் ஏற்பியும் 'இல்லை' என்று காட்டக்கூடும். சதையை எடுத்துச் செல்லும் பொறுப்பு பெரும்பாலும் வீட்டு ஆண்கள் தலையில்தான் விழுகிறது. அவர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. மெழுகில் பதித்த சதைத் துண்டு, அதாவது 'பிளாக்', பல ஆண்டுகள் கெடாது. சந்தேகம் வந்தால் அதை வாங்கி வேறு ஆய்வகத்தில் மறுபடி பார்க்கலாம்.

நம்மிடம் அதிகம் நடக்கும் தவறு இன்னொன்று. அறுவை முடிந்து, கீமோ முடிந்து, முடியும் வளர்ந்துவிட்டால் 'நல்லாயிட்டேன்' என்று இரண்டே வருடத்தில் மாத்திரையை விட்டுவிடுவார்கள். ஏலத்தோட்டத்துக்கு விடிகாலை ஜீப் ஏறும் பெண்ணுக்கு, மருத்துவமனைக்குப் போகும் நாள் கூலி போன நாள். இதைக் குற்றமாகச் சொல்ல முடியாது. ஆனால் இந்த வகை நோய் பத்து, பதினைந்து ஆண்டு கழித்தும் திரும்பக்கூடியது. அனல், மூட்டுவலி தாங்க முடியவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள், மாற்று மருந்து உண்டு. மாதவிடாய் நின்ற பிறகு ரத்தப்போக்கு, ஒரு காலில் மட்டும் வீக்கம், திடீர் மூச்சுத்திணறல் என்றால் உடனே போக வேண்டும். டமாக்சிஃபென் கருப்பைப் புற்றுநோயையும் ரத்தக்கட்டையும் அரிதாக உண்டாக்கும். மன அழுத்தத்துக்குத் தரும் ஃப்ளுஆக்சிடின், பராக்சிடின் மாத்திரைகள் அதன் வேலையைக் குறைக்கலாம். எல்லா மருந்துச் சீட்டையும் காட்டுங்கள்.

ரமலான் வந்தால் கேள்வி எழும். டமாக்சிஃபெனும் லெட்ரோசோலும் நாளுக்கு ஒருமுறைதான் என்பதால், ஸஹரிலோ நோன்பு திறந்த பிறகோ தினமும் ஒரே நேரத்தில் எடுக்கலாம். உடல் நோன்பைத் தாங்குமா என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும். அதைவிடக் கவனம் ஹஜ், உம்ரா பயணத்தில் வேண்டும். மாதவிடாயைத் தள்ளிப்போடக் கடையில் கேட்டு வாங்கும் நோரெதிஸ்டிரோன் ஒரு ஹார்மோன் மாத்திரை. அதில் சிறு பகுதி உடலுக்குள் ஈஸ்ட்ரோஜனாகவும் மாறுகிறது. மார்பகப் புற்றுநோய் இருக்கிறவர்களும், இருந்து குணமானவர்களும் தங்கள் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது.

ஆண்களுக்கும் மார்பகப் புற்றுநோய் வரும், நூற்றில் ஒன்று என்ற அளவில். அவற்றில் பத்தில் ஒன்பது ஈ.ஆர். பாசிட்டிவ். அத்தாவின் மார்புக் காம்புக்குப் பின்னால் கெட்டியான கட்டி இருந்தால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். அவருக்கும் பயாப்சி உண்டு, அதே ஈ.ஆர். வரி உண்டு, பெரும்பாலும் அதே மாத்திரையும் உண்டு.

அறிக்கையின் நகலை வீட்டில் பத்திரமாக வையுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள். ஈ.ஆர். முடிவு எழுதப்படாமல் அறிக்கை வந்திருந்தால், சிகிச்சை தொடங்குமுன் அந்தப் பரிசோதனை செய்யப்பட்டதா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.