ஒரே பாதம், ரெண்டு பெயர்

ஹட்டன், மஸ்கெலியா பக்கம் போனால் கண்ணில் படுகிற சிவனொளிபாதமலை உச்சியில இருக்கிறது யாருடைய பாதம்? பௌத்தருக்குப் புத்தர், இந்துக்களுக்குச் சிவன். 1344இல் ஏறிய இப்னு பதூதாவுக்கு ஆதம் நபி. போர்த்துக்கேயர் சிலருக்குப் புனித தோமையார்.

கடைசி ரெண்டு பெயருக்குள்ளேயே இயேசு பற்றிய பழைய விவாதம் இருக்கு. உயிர்த்த இயேசுவைக் கடவுள் என்று அழைத்தவர் தோமையார். கிறிஸ்தவர்கள் இயேசுவிடமும் செபிக்கிறார்கள். குர்ஆனோ ஈஸா நபியை ஆதமோடு ஒப்பிடுகிறது. தகப்பன் இல்லாமல் படைக்கப்பட்ட ஆதமை யாரும் வணங்குவதில்லையே என்பது முஸ்லிம்களின் வாதம். ஈஸா மஸீஹ்தான்; தொழுகை அல்லாஹ்வுக்கு மட்டும்.

இதை 'எல்லாம் ஒண்ணுதான்' என்று மழுப்ப முடியாது. 2019 உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு பயத்தோடு பார்த்துக்கொண்ட நமக்கு, வேறுபாட்டைத் தெரிந்துகொண்டே ஒரே படியில் ஏறுவதுதான் தேவை.